கேட்கக்கூடாத நாள்

அந்த அம்மா முதன்முதல் என் கதவைத் தட்டி, "என் படுக்கையறையில் லைட் எரிந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னார். "அப்படியா" என்றேன். அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மெல்பேர்னில், கோல்ஃபீல்ட் பக்கம், நான்கு யூனிற் வீடுகள் வரிசையாக இருக்கிற ஒரு வளவு. இரண்டாவது என்னுடையது, மூன்றாவது அவருடையது. குப்பைத்தொட்டியை வெளியே வைக்கிற நாட்களில் ஒருவருக்கொருவர் கையசைத்ததைத் தவிர எங்களுக்குள் அதுவரை பழக்கம் இல்லை. எண்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, தலையில் எப்போதும் ஒரு சாம்பல் நிறத் துணி கட்டியிருப்பார். யூதப் பெண் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"லைட் எரிந்தால் எனக்கு நித்திரை வராது" என்றார் மறுபடியும். அவரோடு நான் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அப்படியென்றால் அணைத்துவிடுங்கள்" என்றேன்.

"இன்று சனிக்கிழமை" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிழமை முழுக்க ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் ரிசெப்ஷனில் இருந்து, வாய் வீங்கி வருகிற ஆட்களுக்கெல்லாம் சிரித்துக் களைத்துப்போய், சனிக்கிழமையாவது மனிதரைப் பார்க்காமல் இருக்கலாம் என்று நினைக்கிறவள் நான். வயதாகி அறளை பெயர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். யன்னல் திரை மூடியிருந்த படுக்கையறையில் லைட் எரிந்தது. சுவரில் சுவிட்ச் இருந்தது. அமத்தினேன், அணைந்தது. அவர் நன்றி சொல்லவில்லை. "இருட்டு எவ்வளவு நல்லது" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் இருந்தார்.

அடுத்த நாள் ஞாயிறு காலை அவரே வந்து விளக்கம் சொன்னார். வெள்ளி பொழுதுபடுவதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை அவர்களுக்குச் சபாத், ஓய்வுநாள். ஒரு வேலையும் செய்யக்கூடாது. நெருப்பு மூட்டக்கூடாது, அணைக்கவும் கூடாது. மின்சாரமும் அந்தக் கணக்கில்தான். அதைவிடப் பெரிய விஷயம், வேறொருவரிடம் செய்துதரச் சொல்லிக் கேட்கவும் கூடாது. ஆனால் வீட்டில் என்ன நிலைமை என்று சொல்வதில் குற்றமில்லையாம். அதைக் காதில் வாங்கியவர் தானாக விளங்கிக்கொண்டு செய்தால் அது அவர் பாடு.

"நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, டார்லிங்" என்றார். "என் லைட்டைப் பற்றிச் சொன்னேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இதற்கு ஒரு சட்டமும் வேதமும் வேண்டுமா? என் மாமியார் சாகும்வரை ஒருவரிடமும் தண்ணீர் கேட்டதில்லை. "இண்டைக்கு என்ன வெய்யிலப்பா" என்பார். நாங்கள் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று நாள் முகம் கோணியிருக்கும். எங்கள் வீடுகளில் கிழமையில் ஏழு நாளும் சபாத்தான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவருக்குப் பகிடி பிடித்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம் அது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் இருந்தது நோபல் பார்க்கில். மகனுக்குப் பல்கலைக்கழகம் கிட்ட இருக்கட்டும் என்று இந்த யூனிற்றுக்கு மாறினோம். வந்த இரண்டாம் வருடம் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். மகன் படிப்பை முடித்து, சிட்னியில் வேலை எடுத்துக்கொண்டு, செவன் ஹில்ஸில் ஒரு அறையில் போய் இருந்துவிட்டான். தகப்பனின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்தவன், அதற்குப் பிறகு வரவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது போன் எடுப்பான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வரமாட்டான்.

அவன் வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவன் கதவைத் திறந்துகொண்டு வந்து, கால் சப்பாத்தைக் கண்ட இடத்தில் கழற்றி எறிந்து, நான் அதற்கு ஏச வேண்டும். இதை அவனிடம் ஒருநாளும் நான் சொல்லவில்லை. "நேற்றுப் புட்டு அவிச்சனான். பாதிக்கு மேலை மிஞ்சிப்போச்சு" என்பேன். "பக்கத்து வீட்டுக்குக் குடுங்கோவன்" என்பான். "உன்ர அறையிலை கட்டில் சும்மா கிடக்குது" என்பேன். "ஆருக்கும் வாடகைக்கு விடுங்கோவன் அம்மா" என்பான். கடைசியில் எனக்கு ரோஷம் வந்துவிடும். "நீ உன்ர வேலையைப் பார். மினக்கெட்டு இஞ்சை ஒண்டும் வர வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு வீடு இருக்கிற அமைதி இருக்கிறதே, பிரிட்ஜ் உறுமுவதுகூடக் காதை அடைக்கும்.

நோபல் பார்க்கிலும் கிரான்பர்னிலும் எங்கள் சனம் நிறைய இருக்கிறது. சனிக்கிழமை என்றால் யாராவது ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் வரும். கொஞ்ச நாள் போனேன். போனால் எல்லா அன்ரிமாரும் கேட்பது ஒரே கேள்வி: "மகன் எப்ப வாறான்?" அதற்குப் பதில் தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் கார் ஓடுவானேன் என்று நிறுத்திவிட்டேன். நிறுத்தியதும் கூப்பிடுவதையும் மெல்ல நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்குக் கவலை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கவலைதான்.

இப்படி இருக்கையில்தான் பக்கத்து வீட்டு அம்மா வந்து சேர்ந்தார். சபாத் தொடங்கமுன் பிரிட்ஜுக்குள் இருக்கிற பல்பைக் கழற்றிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறந்ததும் அது எரியும், அதுவும் குற்றம். அவருக்கு அடிக்கடி மறந்துவிடும். சனி காலையில் வந்து, "என் மீன் எல்லாம் பிரிட்ஜுக்குள் சிறை இருக்கிறது" என்பார். நான் போய்த் திறந்து பல்பைக் கழற்றுவேன். ஒருமுறை புகை மணியில் பற்றறி தீர்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சென்று சத்தம் போட்டது. "என் கூரையில் ஒரு குருவி குடிவந்திருக்கிறது" என்று மிக மரியாதையாக அறிவித்தார். கதிரையில் ஏறி நின்று அதைப் பிடுங்கி எடுத்தேன். நான் இறங்கியதும், "கதிரை இப்போது சும்மாதான் இருக்கிறது" என்றார். இரு என்று அர்த்தம். இருந்தேன்.

அந்த இருப்பு வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை பின்னேரங்களில் அவருக்கு ரீவி இல்லை, போன் இல்லை, ரேடியோ இல்லை. கூட நடந்து ஜெபாலயத்துக்குப் போகிற சிநேகிதிகள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். ஒரேயொரு மகள் நகரத்தின் வடக்கில் இருக்கிறாள். அவள் சட்டம் ஒன்றும் பார்ப்பதில்லை, சனிக்கிழமையும் கார் ஓடுவாள். சபாத் அன்று கார் ஓடி வந்து தன் வாசலில் நிற்பதைத் தாங்க முடியாது என்று அந்த அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறார். அதனால் மகள் புதன்கிழமைகளில் வருவாள், சனிக்கிழமை வரமாட்டாள். கிழமையில் மிக நீளமான நாளில் அந்த அம்மா தனியே இருப்பார். அதைப் பற்றி அவர் முறைப்பட்டு நான் கேட்டதில்லை.

எனக்கு இருந்த பெரிய கஷ்டம் சாப்பாடுதான். எனக்கு ஒருவரைப் பிடித்தால் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியாது. வடை சுட்டுக் கொண்டுபோனேன். என் குசினியில் சமைத்த எதையும் அவர் தொடமுடியாதாம். அது கோஷர், அதாவது அவர்கள் சமயம் ஒத்துக்கொள்கிற சாப்பாடு, இல்லையாம். வடையில் என்ன மாடா ஆடா என்று கேட்டேன். சட்டியைப் பற்றி, கரண்டியைப் பற்றி, அடுப்பைப் பற்றிப் பொறுமையாகச் சொன்னார். எங்கள் ஊரில் ஆசாரம் பார்த்த ஆட்களை நினைத்துக்கொண்டு, இதை இந்த நாட்டிலும் விடமாட்டார்களா என்று முணுமுணுத்தபடி தட்டோடு திரும்பி வந்தேன். பிறகு வெட்டாத பழம் என்றால் பரவாயில்லை என்று தெரிந்தது. அதிலிருந்து மாம்பழம், மண்டரின், பிளம்ஸ் என்று கொண்டுபோனேன். அவர் தன் கத்தியால் வெட்டி, எனக்கும் ஒரு துண்டு தருவார்.

வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம் நான் சாமியறையில் விளக்கு ஏற்றுவேன். அதே நேரம் அவர் தன் மேசையில் இரண்டு மெழுகுதிரி ஏற்றி, கண்ணை இரு கையாலும் பொத்திக்கொண்டு முணுமுணுப்பார். நடுவில் ஒரு சுவர்தான்.

சனிக்கிழமைகளில் அவர் வேதம் வாசிப்பார். பெரிய கறுப்பு மட்டைப் புத்தகம். வலமிருந்து இடமாக விரலை வைத்துக்கொண்டு, தொண்டைக்குள் கொஞ்சம் காறுவதுபோன்ற எபிரேயத்தில், ஒரு ராகத்தோடு. ஒவ்வொரு கிழமைக்கும் இவ்வளவு என்று பங்கு பிரித்து, வருடத்தில் ஒரு சுற்று முடித்து, முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்களாம். உலகத்தில் எங்கே இருக்கிற யூதரும் அந்தக் கிழமை அந்தப் பங்கைத்தான் வாசிப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. எங்கேயோ தெரியாத ஊர்களில் தெரியாத ஆட்கள் தன்னோடு ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள் என்ற தெம்பு. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஜெபாலயத்தில் இருக்கிற தோல்சுருளில் உயிர்க்குறிகள் கிடையாது, வெறும் மெய்யெழுத்துகள்தான், வாசிக்கிறவர் மிச்சத்தை மனதிலிருந்து நிரப்ப வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் ஏட்டுச்சுவடிகளிலும் புள்ளி வைப்பதில்லை என்றேன். அந்தப் பெருமையோடு நிறுத்தியிருக்கலாம். நோபல் பார்க்கில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு அங்கிள், எபிரேய வேதத்தில் மயிலுக்கு இருக்கிற சொல் நம்முடைய தோகைதான், ஆகவே எபிரேயத்துக்கே தாய் தமிழ்தான் என்று ஒரு மணி நேரம் விளக்கியதையும் சொன்னேன். அந்த அம்மா மாம்பழத்தை வாயில் வைத்தபடி யோசித்தார். "மயிலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். "மொழியை எங்களிடம் விட்டுவிடுங்கள்."

வாசித்ததை எனக்கு ஆங்கிலத்தில் கதையாகச் சொல்வார். அந்த வேதத்தில் வருகிற ஆட்களைப்போல வாய்க்காரரை நான் கண்டதில்லை. ஒரு கிழவர், அழியப்போகிற ஊருக்காகக் கடவுளோடு பேரம் பேசுகிறார். ஐம்பது நல்லவர் இருந்தால் விடுவாயா, நாற்பத்தைந்து இருந்தால் விடுவாயா என்று மீன் சந்தையில் நிற்கிறமாதிரிக் குறைத்துக்கொண்டே போகிறார். இன்னொருவன் விடியும்வரை மல்லுக்கட்டி, ஆசீர்வாதம் தராமல் விடமாட்டேன் என்று பிடியை விடாமல் நிற்கிறான். பிள்ளை இல்லாத ஒருத்தி ஆலயத்தில் நின்று சத்தம் வராமல் வாயசைத்து அழுகிற விதத்தைப் பார்த்து, குருவானவர் அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிடுகிறார். எங்கள் அடியார்களும் சிவபெருமானைத் திட்டியவர்கள்தான். ஆனாலும் இது வேறு மாதிரி. இவர்கள் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள்.

"இவ்வளவு நச்சரிக்கிற சனத்துக்குக் கிழமையில் ஒரு நாளாவது வாயை மூடுங்கள் என்று கடவுளே அலுத்துப்போய்ச் சபாத்தைக் கொடுத்திருப்பார்" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கேட்காமலே இருந்தவர்கள் ஒருவரும் உங்கள் வேதத்தில் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்திருப்பார்கள்" என்றார். "அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?"

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. பிரிட்ஜ் பல்பாக்கும் என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைத்துணி சரிந்திருந்தது. முகம் மெழுகு நிறம்.

"போனை எடு" என்றார். "அம்புலன்ஸைக் கூப்பிடு. பிறகு என் மகளைக் கூப்பிடு."

எனக்கு உடம்பெல்லாம் பதறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டதால் அல்ல. அதை நான் பிறகுதான் கவனித்தேன். அவர் எடு என்றும் கூப்பிடு என்றும் சொன்னதால்தான். இவ்வளவு காலப் பழக்கத்தில் ஒரு சனிக்கிழமையும் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. அந்த அம்மா நேரே கேட்கிறார் என்றால் அது உயிர்தான். போனை எடுத்து அமத்தினேன். மகளின் இலக்கத்தை அவர் மூச்சு வாங்கியபடி மனப்பாடமாகச் சொன்னார்.

அம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். வழி முழுக்க என் கையை விடவில்லை. அவர் கை சில்லிட்டிருந்தது. இவரும் போய்விட்டால் என் கதவை யார் தட்டுவார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என்னைப் பற்றித்தான் நினைத்தேன், வேறென்ன சொல்வது.

ஆஸ்பத்திரியில் வயர்களை ஒட்டி, ஊசி போட்டு, மத்தியானமளவில் ஆபத்து இல்லை என்று சொன்னார்கள். மகள் வந்து, தாயின் காலடியில் நின்று அழுதாள். காரில் வந்ததைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சபாத் ஒதுங்கி நிற்கும் என்று என்னிடம் சொன்னார். அப்போது கேட்கலாம் என்றில்லையாம், கேட்டே ஆக வேண்டுமாம். கேட்காமல் இருப்பதுதான் குற்றமாம். கொஞ்ச நேரம் கழித்து, மகள் டொக்டரோடு கதைக்க வெளியே போனதும், மெல்ல இருமிவிட்டு, "இந்த நர்ஸ் இந்தப் பக்கம் வரவே காணோம்" என்றார். நான் சிரித்தபடி கட்டிலோடு இருந்த மணியை அமத்தினேன். ஆபத்து நீங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னபோது நம்பாதவள், அதைக் கேட்டதும் நம்பினேன்.

அவரை ஒரு கிழமைக்குமேல் வைத்திருந்தார்கள். வேலை முடிந்து நான் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் நான் அவர் கட்டிலடியில் இருக்கும்போது மகன் போன் எடுத்தான். அம்புலன்ஸ் விஷயத்தை முதலே சொல்லியிருந்தேன், அதனால் விசாரிக்க எடுத்தான். கதைத்து முடித்துப் போனைக் கைப்பைக்குள் வைத்தேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகனிடம் என்ன சொன்னாய்?"

"சந்தையில் நல்ல முருங்கைக்காய் வந்திருக்கிறது என்று சொன்னேன்."

"உண்மையில் என்ன சொல்ல வந்தாய்?"

எனக்கு முகம் சுட்டது. "வா என்று."

அவர் போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "டார்லிங், இன்று செவ்வாய்க்கிழமை" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். நேரமாகிவிட்டது என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன். கார் ஓடி வரும் வழியெல்லாம் மனதுக்குள் சண்டை பிடித்தேன். மகளைச் சனிக்கிழமை வாசலுக்கு வரவேண்டாம் என்று சொன்ன ஆள் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார் என்று. ஆனால் உள்ளே எனக்குத் தெரியும். வா என்று நான் கேட்டு, அவன் இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் இல்லை. முருங்கைக்காயைப் பற்றிச் சொன்னால் அவன் முருங்கைக்காயைத்தான் வேண்டாம் என்கிறான். என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தச் சின்னத் தந்திரத்தில்தான் நான் இவ்வளவு காலமும் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா யூனிற்றுக்குத் திரும்பி வரவில்லை. மகள் அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தாள், யூதர்களுக்கென்றே நடத்துகிற இல்லம். ஒரு ஞாயிறு மண்டரின் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நன்றாக இருந்தார். முகம் கொஞ்சம் சதை வைத்திருந்தது. தன் வயதுக்காரப் பெண்கள் இரண்டு பேருக்கு என்னை அறிமுகப்படுத்தினார். அறையைச் சுற்றிக்காட்டி, "இங்கே சபாத்துக்கு லைட்டெல்லாம் தானாக எரிந்து தானாக அணையும்" என்று பெருமையாகச் சொன்னார். சாப்பாடு முழுக்கக் கோஷர், ஜெபாலயம் அதே கட்டடத்தில், சனிக்கிழமை வேதம் வாசிக்கும்போது பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். சந்தோஷம் என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். ஆனால் இனி அவருக்கு என்னிடம் வந்து சொல்ல ஒரு நிலைமையும் இல்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடைபெறும்போது நெற்றியில் முத்தமிட்டார். என் மகனைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது யூனிற்றில் கொஞ்ச நாளில் இரண்டு இளம் பையன்கள் வந்து குடியேறினார்கள். நல்ல பிள்ளைகள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு போவார்கள், வருவார்கள். அவர்களுக்கு எல்லா லைட்டையும் தாங்களே போட்டு அணைக்கத் தெரியும்.

குளிர் காலம் வந்தது. சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று. வெள்ளி பின்னேரம் கிளினிக்கிலிருந்து வந்து மகனோடு நாலு வார்த்தை கதைத்து வைத்தால், திங்கள் காலை "குட் மோர்னிங்" சொல்லும்வரை வாய் திறக்க அலுவல் இருக்காது. ஒரு திங்கட்கிழமை, அந்தக் குட் மோர்னிங்கைச் சொல்லும்போது குரல் அடைத்து, கரகரவென்று வந்தது. சளி, தடிமனா என்று நர்ஸ் பிள்ளை கேட்டாள். தடிமன் இல்லை. இரண்டு நாள் பாவிக்காமல் வைத்த குரல். அன்றைக்கு ரொய்லெற்றுக்குள் போய் நின்று அழுதேன்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. சாமியறையில் விளக்கை ஏற்றினேன். போன் அடித்தது. மகன்தான், ரயில் சத்தம் கேட்டது.

"என்னம்மா, எப்பிடி?"

"இருக்கிறன்."

"சாப்பிட்டனீங்களே?"

கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தம்பி, வா" என்றேன்.

"எங்கையம்மா?"

"இஞ்சை. வீட்டை."

ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்வது கேட்டது. பிறகு, "ஏன் அம்மா, என்ன நடந்தது?" என்றான். குரல் மாறியிருந்தது.

"ஒண்டும் நடக்கேல்லை. நீ வா."

"பக்கத்திலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன். அதற்குமேல் கதைக்க முடியாமல் போனை வைத்து, அதை நிற்பாட்டியும் விட்டேன்.

அடுத்த நாள் நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. வாசலில் அவன் நின்றான். முதல் பிளேனைப் பிடித்து வந்திருக்கிறான். கையில் ஒரு பை இல்லை. முதல்நாள் வேலைக்குப் போட்ட சேட், கழுத்தில் ஒபிஸ் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. உள்ளே வராமல் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தான்.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்றான். "மறைக்காமல் சொல்லுங்கோ அம்மா. நான் தாங்குவன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அம்மா போனை எடு என்று சொன்னபோது நான் பதறியதுபோலவே இவனும் பதறியிருக்கிறான். நான் நேரே கேட்கிறேன் என்றால் சாகக் கிடக்கிறேன் என்று நினைத்திருக்கிறான். இரவு முழுக்க அப்படி நினைத்தபடி கிடந்திருக்கிறான்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றேன். "தனிய இருந்து இருந்து என்னாலை ஏலாமல் போச்சு. உன்னைப் பார்க்க வேணும்போல கிடந்தது. அதுதான் வா எண்டனான்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

ஏசப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். மூச்சு விட்டான்.

"அப்ப ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னனான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னனான். புட்டு மிஞ்சிப்போச்செண்டு சொன்னனான். கட்டில் சும்மா கிடக்குதெண்டு சொன்னனான்."

"மினக்கெட்டு வர வேண்டாமெண்டும் சொன்னனீங்கள்" என்றான். "ஒவ்வொரு முறையும் சொன்னனீங்கள். அப்பான்ர திவசத்தண்டு நான் வரேக்கை என்ர முகத்தைக்கூட நீங்கள் பார்க்கேல்லை. என்னைக் கண்டால் உங்களுக்கு அப்பான்ர ஞாபகம் வருது, அதாலைதான் என்னை வர வேண்டாமெண்டுறியள் எண்டு நினைச்சன். அதுதான் நான் வாறேல்லை."

அவன் முகத்தைப் பார்த்தேன். நெற்றி, மூக்கு, கலங்கினால் ஒரு பக்கம் கோணுகிற வாய், எல்லாம் என் கணவர்தான். திவசத்தன்று அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை.

"ஓம், ஞாபகம் வருது" என்றேன். "அதுக்கும்தான் வா எண்டனான்."

அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.